புரோபாக்ஸ்னா எல்லாம் ஒண்ணு இல்லீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் யாங்கோன்ல இருந்து எழுதுறேன், எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னும் இது ரங்கூன்தான். உங்க பேப்பரை ஃபோன்ல தினமும் படிக்கிறவன். பழைய கார் வாங்குறப்ப எதெதைப் பார்க்கணும்னு நீங்க பல தடவை போட்டிருக்கீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா அடிபட்ட காருக்கு இன்னொரு பழைய கார்ல இருந்து வெட்டுன பாடித் துண்டை வாங்கி வெல்டிங் வைக்கிறப்ப எதைப் பார்க்கணும்னு ஒரு வரி கூட நான் தமிழ்ல படிச்சதில்ல. இங்க எங்களுக்கு அது தினப்படி விஷயம்ங்க, புது பார்ட்ஸ் வாங்குற வசதி நிறைய பேருக்கு இல்ல, வசதி இருந்தாலும் நினைச்ச நேரத்துல கிடைக்காது. அதனால எங்க வீட்டுல நடந்ததை அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்களோடது டொயோட்டா புரோபாக்ஸ், வெள்ளை, டாக்ஸி. முன்ன நான்தான் ஓட்டுனேன், முதுகு வலி வந்ததுக்கப்புறம் என் தங்கச்சி வீட்டுக்காரர் ஓட்டுறாரு. போன மழைக்காலத்துல மாப்ள தன்லின் பக்கமிருந்து திரும்பி வர்றப்ப முன்னாடி போன லாரி சட்டுனு நின்னுடுச்சு, ரோடு சேறும் தண்ணியுமா இருந்ததுல பிரேக் அடிச்சும் வண்டி வழுக்கிட்டுப் போய் இடது முன்பக்கம் லாரி பின்னால இடிச்சிடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அம்மன் புண்ணியம். பம்பர், லைட், ஃபெண்டர், ரேடியேட்டர் எல்லாம் போச்சு, அதெல்லாம் கழட்டி மாட்டுற சாமான், கவலை இல்ல. ஆனா உள்ள சைட் மெம்பர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் நீளமா பெட்டி மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற இரும்பு, எஞ்சினைத் தாங்குற மவுன்ட்டு, அடியில குறுக்கால இருக்குற கிராஸ் மெம்பர்ங்குற இரும்பு எல்லாம் அதை நம்பித்தான் நிக்குது, இடது பக்கத்து சைட் மெம்பர் மடங்கி, அதோட சேர்ந்த ஏப்ரானும், அதாவது சக்கரத்துக்கு மேல வர்ற உள் தகடும், சுருங்கிப் போச்சு.

நானும் மாப்ளையும் பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனோம். ஜப்பான்ல இருந்து கன்டெய்னர்ல நோஸ் கட் (வண்டியோட மூக்குப் பகுதி), ஹாஃப் கட் (பாதி வண்டி)னு வெட்டியே வர்றதும் இருக்கு, உள்ளூர்ல அடிபட்ட வண்டியை உடைச்சு விக்கிறதும் இருக்கு. எங்களுக்குக் காட்டுனது வெறும் துண்டு, சைட் மெம்பரும் ஏப்ரானும் மட்டும், முகம் இல்ல, லைட் இல்ல, ஒரு ஸ்டிக்கர் இல்ல. "புரோபாக்ஸ் தானே, எல்லாம் ஒண்ணுதான், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னாரு கடைக்காரர். கலர் கூட அதே வெள்ளை. மாப்ளைக்கு வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் வீட்டுல அடுப்பெரியுறது கஷ்டம், எனக்கும் அவசரம், பேரம் பேசி வாங்கிட்டோம். பில்லுல பர்மியத்துல "புரோபாக்ஸ், முன் இடது, 1"ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தாங்க. நான் ஒரு கேள்வி கேக்கல, அந்த ஒரு கேள்வியைப் பத்தித்தான் இந்த லெட்டரே.

பட்டறைல மூணு நாள்ல ஒட்டிக் கொடுத்துட்டாங்க. பெயின்ட் அடிச்சதும் பார்க்க புது வண்டி மாதிரி. ஒரு மாசம் போச்சு, ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்க ஆரம்பிச்சது, ரெண்டாவது மாசத்துல இடது முன் டயர் உள்பக்கமா தேஞ்சு கம்பி தெரிஞ்சது, டயர் மாத்துனோம், அதுவும் தேஞ்சது. அலைன்மென்ட் கடைக்கு மூணு தடவை போனோம், மூணு தடவையும் மெஷின்ல இடது பக்கம் சிவப்பாவே காட்டுது, இதுக்கு மேல எங்களால ஆகாது, பாடியைக் காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த நாலு மாசமும் காலைல முதல் சவாரி என்ன தெரியுமா, என் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போறது. எட்டு வயசு மருமக, முன் சீட்டுலதான் உக்காருவேன்னு அடம் பிடிப்பா, எங்க வண்டி வலது ஸ்டியரிங், அப்ப அவ உக்கார்ற இடம் இடது முன்பக்கம். இதை எழுதுறப்ப கூட எனக்கு வயித்தைப் பிசையுது.

கடைசில தாம்வே பக்கம் ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனோம், நம்ம ஆளுதான், சின்ன வயசுல இருந்து டிங்கர் வேலை செய்யுறவர், இப்ப அறுபதைத் தாண்டிட்டாரு. அவர் மெஷின் எதையும் எடுக்கல. வண்டியை நாலு ஸ்டாண்டு மேல சமமா ஏத்தி, அடியில எந்தெந்த இடத்துல ஃபேக்டரி ஓட்டை இருக்கோ அங்கல்லாம் நூல்ல தூக்குக் குண்டு கட்டித் தொங்கவிட்டு, குண்டோட முனை எங்க நிக்குதோ அங்க சிமென்ட் தரைல சாக்பீஸால புள்ளி வச்சாரு. வண்டியைத் தள்ளிட்டுப் பார்த்தா தரைல கோலம் போடப் புள்ளி வச்ச மாதிரி இருக்கு. அப்புறம் டேப்பை எடுத்து முன் இடதுல இருந்து பின் வலதுக்கு, முன் வலதுல இருந்து பின் இடதுக்குன்னு குறுக்கால அளந்தாரு, ரெண்டும் ஒண்ணா வரணும், மூணு மில்லிமீட்டர் வரைக்கும் வித்தியாசம் இருந்தா பரவாயில்லன்னாரு. எங்க வண்டில பதினாலு மில்லிமீட்டர். நான் டேப்பை வாங்கி நானே ரெண்டு தடவை அளந்தேன்.

அப்புறம் அடியில படுத்து, கிராஸ் மெம்பர் போல்ட்டைக் கழட்டி வாஷரை எடுத்துட்டு, "விரலை விட்டுப் பாரு தம்பி"ன்னாரு. விட்டேன். வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை நீள வாட்டத்துல இருக்கு, ஓரமெல்லாம் சொரசொரன்னு, விரல்ல கீறல் விழுந்துச்சு. அதாவது துண்டுல இருந்த ஓட்டை எங்க வண்டியோட கிராஸ் மெம்பருக்கு நேரா வரல, அதனால அரத்தால ராவி இழுத்து நீட்டி, பெரிய வாஷர் போட்டு மறைச்சு இறுக்கியிருக்காங்க. ஃபயர்வால், அதாவது எஞ்சின் ரூமுக்கும் ஆளு உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்குற தகட்டுச் சுவர், அது கிட்ட ஜாயின்ட்டுல இன்னும் மோசம், பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் ஒரே சைஸ் இல்ல, இடைவெளில தகட்டை வெட்டிச் சொருகி மேலால வெல்டிங் ஓட்டி, பட்டி பூசி, அன்டர்கோட் அடிச்சிருக்காங்க.

அண்ணன் பட்டறைலயே நல்ல நேரமா இன்னொரு புரோபாக்ஸ் வேற வேலைக்கு வந்து நின்னுச்சு, புது முகம் வச்சது. பானெட்டைத் திறந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுனாரு. எங்க வண்டியோட மாடல் கோடு என்சிபி 51. அதோடது என்சிபி 160. 2014-ல டொயோட்டா புரோபாக்ஸை மாத்துனப்ப பின்பாதியைப் பெரும்பாலும் பழையபடியே விட்டுட்டு முன்பாதியை அடியோட மாத்திட்டாங்க, புது விட்ஸ் காரோட அடித்தளத்தை எடுத்து முன்னாடி வச்சாங்க. அதனால பின்னால இருந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி, எஞ்சின் ரூம்ல பார்த்தா வேற குடும்பம். எங்களுக்கு வித்தது அந்த 160-ஓட துண்டு. பேரு புரோபாக்ஸ்தான், கடைக்காரர் சொன்னது பொய்னு கூட சொல்ல முடியாது, ஆனா எங்க வண்டிக்கு அது ஆகாது.

இப்ப அந்த ஒரு கேள்விக்கு வர்றேன். "இது எந்த சேஸிஸ் கோடு வண்டில இருந்து வெட்டுனது?" இதைத்தான் நான் கேட்டிருக்கணும்.

தமிழ்நாட்டுல இருக்குறவங்களுக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும். உங்க ஊர் வண்டிக்கு பதினேழு எழுத்து விஐஎன் நம்பர் இருக்கு, அதைச் சொன்னா டீலர்கிட்ட எல்லா விவரமும் வந்துரும். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செஞ்ச வண்டில அது கிடையாது, அதுல இருக்குறது ஃபிரேம் நம்பர், முன்னாடி மாடல் கோடு, நடுவுல ஒரு சின்ன கிடைக்கோடு (-), பின்னாடி வரிசை நம்பர், உதாரணத்துக்கு என்சிபி 51ன்னு ஆரம்பிச்சு ஏழு இலக்கம் வரும். இதைக் கொண்டு போய் விஐஎன் பார்க்குற ஆப்ல போட்டா நம்பர் தப்புன்னு சொல்லும், நிறைய பேர் அங்கயே விட்டுடுறாங்க. தப்பு நம்பர்ல இல்லீங்க, அந்த ஆப் இதுக்கானது இல்ல. இந்த முன்பாதி எழுத்துதான் நான் சொன்ன சேஸிஸ் கோடு, அதுதான் உயிர்நாடி. எங்க ஊர்ல ஓனர் புக்லயே சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் எழுதியிருக்கும், வீட்டுல பீரோல வச்சிருக்குற அந்தப் புக்கை எடுத்துப் பார்த்தாலே போதும். வண்டில பானெட்டுக்குள்ளயோ கதவுத் தூண்லயோ ஒரு சின்ன தகடு அடிச்சிருப்பாங்க, மாடல் கோடு, கலர் எல்லாம் அதுல இருக்கும், அது இல்லாம நம்பரை இரும்புலயே குத்தியிருப்பாங்க, சில வண்டில ஃபயர்வால்ல, சில வண்டில முன் சீட்டுக்கு அடியில கார்ப்பெட்டைத் தூக்குனா இருக்கும்.

புரோபாக்ஸையே எடுத்துக்கோங்க, என்சிபி 50 ஆயிரத்து முந்நூறு சிசி, 51 ஆயிரத்து ஐந்நூறு, 55 வந்து ஃபோர் வீல் டிரைவ், 58, 59 வந்து வேன் இல்லாம வேகன் ரகம், அப்புறம் புது முகத்துல என்எஸ்பி 160, என்சிபி 160, ஃபோர் வீலுக்கு 165. சக்சீட்னு ஒரு வண்டி ஓடுது, பேரு வேற, பம்பர் வேற, ஆனா உள்ள இதே கோடு. அதாவது பேரு ஒண்ணா இருந்து கோடு வேறயா இருந்தா ஆகாமப் போகலாம், பேரு வேறயா இருந்து கோடு ஒண்ணா இருந்தா ஆகலாம், பேரை வச்சு வாங்குற பழக்கத்தை முதல்ல விடணும். ஹோண்டா ஃபிட்டும் அப்படித்தான், பழைய உருவத்துல ஜிடி1, ஜிடி2, ஜிடி3, ஜிடி4, அடுத்த உருவத்துல ஜிஇ6-ல இருந்து ஜிஇ9 வரைக்கும், இதுல ரெட்டைப்படை நம்பர் வர்ற ஜிடி2, ஜிடி4 ஃபோர் வீல், ஆனா ஜிஇ-ல 7-ம் 9-ம் ஃபோர் வீல், மனப்பாடம் பண்ணிட்டு மட்டும் போனா இங்கதான் மாட்டுவோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியோட பின் ஃப்ளோரை டூ வீல் டிரைவ் காருக்கு வாங்கக் கூடாது, நடுவுல ஷாஃப்ட் போறதுக்கும் பின்னால டிஃப்ரென்ஷியல் தொங்குறதுக்கும் அடி அமைப்பே வேற.

டொயோட்டா பெல்ட்டா கார் வச்சிருக்குறவங்க இன்னும் கவனமா இருக்கணும். தாய்லாந்து எல்லை மியாவாடி வழியா பார்ட்ஸ் வந்திருக்கு, அங்க இதே முகம் வியோஸ்ங்குற பேர்ல ஓடுச்சு, என்சிபி 93. நம்ம பெல்ட்டா கேஎஸ்பி 92-ஆ இருந்தா மூணு சிலிண்டர் ஆயிரம் சிசி, எஸ்சிபி 92-ஆ இருந்தா ஆயிரத்து முந்நூறு, முதல் ரெண்டு எழுத்து எந்த எஞ்சின் குடும்பம்னு சொல்லுது, கேஎஸ்-ன்னா கேஆர், எஸ்சி-ன்னா எஸ்இசட், என்சி-ன்னா என்இசட். எஞ்சின் வேறன்னா மவுன்ட்டு உக்கார்ற இடமும் வேறயா இருக்கலாம், மவுன்ட்டு உக்கார்றது சைட் மெம்பர் மேல, அதனால ஹெட்லைட் சரியா பொருந்துதுன்னு பார்த்துட்டு சைட் மெம்பரும் பொருந்தும்னு நினைச்சுடாதீங்க.

கோடு ஒண்ணா இருந்தாலும் வேலை முடியலங்க. ஒரே கோடு வண்டியை ஏழெட்டு, பத்து வருஷம் செய்யுறாங்க, நடுவுல சத்தமில்லாம சின்னச் சின்ன மாத்தம் பண்ணிடுவாங்க, ஒரு பிராக்கெட் கூடும், ஏர்பேக் சென்சார் உக்கார்ற இடம் மாறும். அதனால எந்த வருஷம் எந்த மாசம் செஞ்ச வண்டின்னும் பார்க்கணும். டொயோட்டா பார்ட் நம்பர் பத்து எழுத்து, முதல் அஞ்சு அது என்ன சாமான்னு சொல்லும், அடுத்த அஞ்சு எந்த வண்டிக்குன்னு சொல்லும், கேட்டலாக்ல ரெண்டு வண்டியோட ஃபிரேம் நம்பரையும் தனித்தனியா போட்டுப் பார்த்து அந்தப் பத்தும் ஒண்ணா வந்தா மனசு நிம்மதி. இதைப் பார்க்கத் தெரிஞ்ச பசங்க பார்ட்ஸ் கடைகள்ல இருக்காங்க, ஃபோன்லயே பார்த்துச் சொல்லுவாங்க, ஒரு சாயா வாங்கிக் கொடுத்துக் கேளுங்க.

இன்னொரு குழப்பம் எங்க நாட்டுக்கே உரியது. 1970-ல இங்க வண்டியெல்லாம் ரோட்டுல வலது பக்கமா ஓடணும்னு மாத்திட்டாங்க, ஆனா ஓடுற வண்டி பெரும்பாலும் ஜப்பான்ல இருந்து வந்த வலது ஸ்டியரிங், 2011-க்கு அப்புறம் அது வெள்ளமா வந்து இறங்குச்சு, பின்னால சட்டம் மாறி 2018-ல இருந்து இறக்குமதின்னா இடது ஸ்டியரிங்னு ஆச்சு. இப்ப ரெண்டும் கலந்து ஓடுது. அதனால கடைல போய் "டிரைவர் பக்கத்துத் தூண் வேணும்"னு கேட்டீங்கன்னா ஆளுக்கு ஒரு பக்கத்தை நினைப்பாங்க. வண்டிக்குள்ள முன்னாடி பார்த்து உக்கார்ந்தா நம்ம வலது கை பக்கம் வலது, இடது கை பக்கம் இடது, ஸ்டியரிங் எங்க இருந்தாலும் அதான் கணக்கு. வெளிய நின்னு வண்டி முகத்தைப் பார்த்துச் சொன்னா தலைகீழாயிடும். ஃபயர்வாலோட சேர்த்து வெட்டுன துண்டுன்னா ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு கட்டாயம் கேக்கணும், ஸ்டியரிங் கம்பி போற ஓட்டை, பிரேக் பூஸ்டர் உக்கார்ற இடம் எல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கும், அதை மாத்தி வைக்கிறேன்னு சொல்ற பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீங்க.

கதவு, பானெட், பம்பர் இதுங்களை நான் சொல்லல. அதுங்க போல்ட் போட்டு மாட்டுறது, பொருந்தலன்னா அப்பவே தெரிஞ்சுடும், திருப்பிக் கொடுத்துடலாம். ஜப்பான்லயும் அதைத் தனியாத்தான் பார்க்குறாங்க, ஏலத்துல வண்டியை விக்கிறப்ப கதவு மாத்துனதை ரிப்பேர் ஹிஸ்டரில சேர்க்க மாட்டாங்க, ஆனா சைட் மெம்பர், கிராஸ் மெம்பர், தூண், ஃபயர்வால், ஃப்ளோர், கூரை இதுல கை வச்சிருந்தா ஏலச் சீட்டுல நம்பர் கிரேடுக்குப் பதிலா ஆர்-னோ ஆர்ஏ-ன்னோ போட்டுடுவாங்க. ஏன்னா அடி வாங்குறது அந்த இரும்புதான். சைட் மெம்பரைக் கூர்ந்து பாருங்க, அங்கங்க பள்ளம், மடிப்பு மாதிரி இருக்கும், நசுங்கிப் போச்சோன்னு நினைப்போம், இல்ல, வேணும்னே அப்படிச் செஞ்சிருக்காங்க, மோதுனா அந்த மடிப்புல இருந்து விசிறி மாதிரி வரிசையா சுருங்கி அடியை வாங்கிக்கிட்டு ஆளு உக்கார்ற இடத்தைக் காப்பாத்தும். எங்களுக்கு ஒட்டுன மாதிரி தகட்டைச் சொருகி ஒட்டுனா அது எங்க மடங்கும், எப்ப மடங்கும், யாருக்குத் தெரியும்? ஜாயின்ட்டே பிளந்துகிட்டு எஞ்சின் உள்ள வரலாம். அந்த ஜாயின்ட்டுக்கு ரெண்டடி பின்னாலதான் என் மருமகப் பொண்ணோட காலு இருந்துச்சு.

துண்டைக் கைல எடுத்தா எங்க வெட்டியிருக்காங்கன்னு பாருங்க. நிறைய இடத்துல கேஸ் வச்சு ஜாயின்ட்டை ஒட்டியே அறுத்துடுறாங்க, அப்ப ஒட்டுறதுக்கு மார்ஜின் இல்லாமப் போயிடுது, அது மட்டுமில்ல, இப்ப வர்ற ஹை டென்சில் இரும்பு, அதாவது மெல்லிசா இருந்தும் பலமான இரும்பு, சூடு பட்டா பலம் போயிடும். நமக்கு வேணும்ங்குற அளவைவிட தாராளமா விட்டு, பிளேடால அறுத்த துண்டா கேளுங்க, நீல நிறம் ஓடியிருந்தா அது சூடு பட்ட இடம், வேண்டாம். உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பெட்டி மாதிரி இருக்குறதால துரு உள்ளதான் உக்காந்திருக்கும், ஜப்பான்ல பனி விழுற வடக்கு ஊர்கள்ல ரோட்டுல உப்பு தூவுறாங்க, அந்த வண்டி அடிப்பக்கம் மேல பெயின்ட் நல்லா இருந்தும் உள்ள அரிச்சுப் போயிருக்கும், ஃபோர் வீல் வண்டி நிறைய அந்தப் பக்கத்துல இருந்து வர்றது. ஏற்கனவே அடிபட்டு இழுத்து நேராக்குன துண்டான்னும் பார்க்கணும், ஃபேக்டரி ஸ்பாட் வெல்டிங் சின்ன வட்டமா ஒரே சீரா வரிசையா இருக்கும், அது இல்லாம கட்டி கட்டியா வெல்டிங் தெரிஞ்சாலோ, விரலால தடவுனா அலை அலையா இருந்தாலோ வச்சிட்டு வந்துடுங்க.

வெல்டிங்ல எங்களுக்கு இருக்குற கஷ்டம் வேற ஊர்க்காரங்களுக்குப் புரியாது. கரன்ட் வர்ற நேரம் பார்த்து வேலை செய்யணும், பாதி வெல்டிங்ல வோல்டேஜ் இறங்கிடும், மேல பார்க்க அழகா ஓடியிருக்கும், உள்ள இரும்புல இறங்கியே இருக்காது. அண்ணன் என்ன செய்யுறாருன்னா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்ன அதே கன இரும்புல ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணுல ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை நிரப்புற மாதிரி பிளக் வெல்டிங் வச்சு, வைஸ்ல பிடிச்சு சுத்தியலால அடிச்சுப் பிரிச்சுப் பார்க்குறாரு, வெல்டிங் விட்டுச்சுன்னா மெஷின் சரியில்லன்னு அர்த்தம், இரும்பு கிழிஞ்சு வெல்டிங் அப்படியே நின்னாத்தான் வண்டில கை வைப்பாரு. பட்டறைக்காரர்கிட்ட இதைச் செஞ்சு காட்டச் சொல்லிக் கேக்குறதுல கூச்சம் வேண்டாம், நம்ம பிள்ளைங்க உக்கார்ற வண்டி.

நம்பர் விஷயம் ஒண்ணை மட்டும் சொல்லிடுறேன். நம்பர் குத்தியிருக்குற இரும்பும் சேர்ந்து வர்ற மாதிரி பெரிய துண்டா வாங்கி ஒட்டிட்டா வண்டில இருக்குற நம்பருக்கும் ஓனர் புக்குக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிடும், கன்யினால, அதாவது இங்க வண்டி பதிவு பண்ணுற போக்குவரத்து ஆபீஸ்ல, வண்டியைக் காட்டுறப்ப திருட்டு வண்டி மாதிரி நிக்கணும். அந்த அளவுக்குப் பெரிய வேலைன்னா முதல்லயே போய் விசாரிச்சுட்டு இறங்குங்க.

பார்ட்ஸ் கடைக்காரங்க பல பேரு நம்ம ஆளுங்கதான், உங்க பேப்பரையும் படிக்கிறாங்க, அவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. வண்டியை வெட்டுறதுக்கு முன்ன அந்தத் தகட்டை ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, வெட்டுன ஒவ்வொரு துண்டு மேலயும் பெயின்ட் மார்க்கரால சேஸிஸ் கோடை எழுதுங்க, பில்லுலயும் எழுதுங்க. அரை நிமிஷ வேலை. "புரோபாக்ஸ், முன் இடது"ங்குறதுக்குப் பதிலா "என்சிபி 160, முன் இடது"ன்னு எழுதியிருந்தா அன்னைக்கு எங்களுக்கு வித்தவருக்கே இது ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கும், எங்களை ஏமாத்தணும்னு அவர் நினைச்சார்னு நான் சொல்ல வரல, அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல, ஒட்டுனவருக்குத் தெரிஞ்சுருக்கும், ஓட்டையை ராவுனப்பவே அவர் ஃபோன் பண்ணியிருக்கணும். அதுதான் எனக்கு ஆறல.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடு விவரமெல்லாம் ஜப்பான் மொழிலயும் இங்கிலீஷ்லயும் கிடக்கு, என் மாப்ளைக்கு ரெண்டும் வராது, தமிழும் பர்மியமும்தான். எந்த வண்டில தகடு எங்க இருக்கும், கோடை எப்படிப் படிக்கணும்னு படம் போட்டு உங்க கார் பக்கத்துல ஒரு வாரம் போடுங்க. மலேசியா, இலங்கைல இருக்குற வாசகர்களுக்கும் உபயோகப்படும், அங்கயும் ஜப்பான் பழைய வண்டி ஓடுது.

எங்க வண்டி இப்ப அண்ணன் பட்டறைல முன்பக்கம் இல்லாம நிக்குது. மாப்ள வேற ஒருத்தர் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுறாரு, பிள்ளைங்க பஸ்ல போகுதுங்க. போன வாரம் மாண்டலேல இருந்து ஒருத்தர் துண்டு இருக்குன்னாரு, முதல்ல தகட்டு போட்டோ அனுப்புங்கன்னேன், அனுப்புனாரு, என்சிபி 55. வேண்டாம்னு சொல்லிட்டேன், ரெண்டுக்கும் முன்பக்கம் ஒண்ணுதான்னு அவர் அடிச்சுச் சொன்னாரு, கேட்டலாக்ல பார்த்துட்டுச் சொல்றேன்னு ஃபோனை வச்சுட்டேன். நேத்து இங்கயே ஒரு 51 கிடைச்சிருக்கு, தகடும் இருக்கு, இன்னும் வெட்டாத வண்டி, எந்த இடத்துல அறுக்கணும்னு அண்ணனே சாக்பீஸால கோடு போட்டுக் கொடுக்குறேன்னு சனிக்கிழமை கூட வர்றாரு. ஓனர் புக் ஜெராக்ஸை இப்பவே மடிச்சுச் சட்டைப் பையில வச்சுட்டேன்.

எங்க வண்டில இருந்து வெட்டி எடுத்த அந்தத் தப்புத் துண்டை எடைக்குப் போட வேண்டாம்னு வாங்கி வச்சிருக்கேன். ராவி நீட்டுன ஓட்டை தெரியுற மாதிரி பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுத்து இதோட அனுப்புறேன், இடம் இருந்தா லெட்டரைச் சுருக்கிட்டாவது அந்தப் போட்டோவைப் போடுங்க.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகர் ஒருவர்